முகத் தொங்கலைத் தூக்கும் அறுவை சிகிச்சை (ஃபேஸ்லிஃப்ட்): ஸ்மாஸ் தையலா, டீப் பிளேனா? முடிவெடுக்க உதவுங்கள்

எனக்கு வயது 56. எடை குறைத்த பிறகு தாடையோரத் தோல் தொங்கிவிட்டது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு தசைப்பட்டைகள் கயிறு போல எழுந்து நிற்கின்றன, பேசும்போது இன்னும் துருத்துகின்றன. கன்னமும் இறங்கி மூக்கோரக் கோடு ஆழமாகிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் இல்லை.

தோலுக்கு அடியில் நூல் செலுத்தி இழுத்துத் தூக்கும் த்ரெட் லிஃப்ட் செய்து பார்த்தேன், ஒரு வருடத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. ஊசியில் போட்டு முகத்தை நிரப்பும் ஃபில்லரில் முகம் உப்பியதே தவிர தொங்கல் போகவில்லை.

அறுவை சிகிச்சை நிபுணர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிறிய கீறலில் செய்யும் மினி லிஃப்ட் போதும், தழும்பும் சிறிது என்கிறார் ஒருவர். கழுத்துக்கு அது பெரிதாக உதவாது என்பதால் அதை விட்டுவிட்டேன். இன்னொருவர், தோலுக்கு அடியில் தசையும் நாரிழையும் சேர்ந்த ஸ்மாஸ் (SMAS) அடுக்கை மடித்துத் தைத்து, முகவாய்க்குக் கீழே கீறிக் கழுத்துத் தசையையும் இணைக்கலாம் என்கிறார். மூன்றாமவர் சொல்வது டீப் பிளேன்: ஸ்மாஸுக்கும் அடியில் போய், பிடித்து வைத்திருக்கும் லிகமென்ட்களை விடுவித்து, கன்னத்தை மொத்தமாக மேலேற்றுவது. கழுத்தையும் கூடவே சரிசெய்வாராம். என் கன்னத்துக்கு இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது, ஆனால் முக நரம்பின் கிளைகளுக்கு அருகில் நடக்கும் வேலை என்பதால் தயங்குகிறேன்.

கன்னம், கழுத்து இரண்டுமே தொங்கியிருந்தவர்கள் இந்த இரண்டில் எதை, என்ன காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்?