லீவு போட முடியாதவர்களுக்கு மேமோகிராம்: யோசனை சொல்லுங்கள்

எங்கள் ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கு 52 வயது. மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்ததே இல்லை. இலவசம்தான் என்றேன். "ஒரு நாள் கூலி போயிடுமேம்மா, அதை யார் தருவா? வலியும் இல்லையே," என்றார், மாப்பைப் பிழிந்துகொண்டே. ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்றும் சொல்லிப் பார்த்தாச்சு. எனக்குக் கம்பெனியே வருடா வருடம் செக்கப் செய்கிறது. அவர் கான்ட்ராக்ட், கிடையாது. (எழுதவே கூச்சமாக இருக்கிறது.)

மார்பகப் புற்றுநோயாளிகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு முதல் இரண்டு கட்டங்களிலேயே நோயைக் கண்டறிய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2023 செயல்திட்டம். அக்கா மாதிரி ஆட்களை விட்டுவிட்டா?

வேலை இடத்துக்கே மேமோகிராம் வண்டியை வரவழைத்தவர்கள், கூலி பிடிக்காமல் அரை நாள் வாங்கித் தந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நிர்வாகத்திடம் எப்படிப் பேசினீர்கள்? மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டால் அந்த லீவுக்கு என்ன செய்தீர்கள்?