முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபி: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கபடி ஆடுகிறவன், 22 வயது. ஆட்டத்தில் கால் திருகி இடது முட்டியில் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். நார் அறுந்து, நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வும் கிழிந்துவிட்டது. ஐந்து வாரத்துக்கு முன் மதுரையில் சின்னத் துளை வழியாக ஆபரேஷன் செய்தார்கள். ஜவ்வைத் தைத்திருப்பதால் ஆறு வாரம் வரை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கக் கூடாது என்றார்கள். பயிற்சிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி.

மடக்குவது பரவாயில்லை, நீட்டுவதுதான் வரவில்லை. கட்டிலில் காலை நீட்டினால் முட்டிக்கு அடியில் என் இரண்டு விரல் நுழைகிறது. குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து தினமும் நாலைந்து தடவை பத்து நிமிஷம் விடுகிறோம். தொடையும் மெலிந்துவிட்டது. டேப்பில் 3 செ.மீ. குறைவு என்று தெரிந்த அன்று அவன் சாப்பிடவே இல்லை.

நாங்கள் உசிலம்பட்டி. மதுரைக்குத் தினமும் கார் வைத்துப் போகக் கட்டுப்படியாகாது. வாரம் ஒருமுறை அங்கே காட்டிவிட்டு மீதியை வீட்டில் செய்தால் போதுமா? வீடியோ காலில் பிசியோ பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா? தொடைத் தசைக்குக் கரண்ட் வைக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா?

ஒன்பது மாதம் ஆகும் முன் களத்தில் இறங்கக் கூடாது என்பது தெரியும், அவசரமில்லை. ஆனால் கால் முழுசாக நீளாமலே இறுகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. இதே ஆபரேஷன் செய்தவர்கள், உங்களுக்கு எத்தனையாவது வாரத்தில் நீண்டது என்று சொல்லுங்கள். வரும் வியாழன் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் பதில் கிடைத்தால் அவரிடமும் கேட்டுக்கொள்வேன்.