வேலை போகலாம், உடலும் சரியில்லை: கையிருப்பை எல்லாம் கொடுத்துக் கடனை அடைத்துவிடலாமா?

செம்பருத்தி:

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் ரூ.36,000 கைக்கு வருகிறது. அடிப்படைச் சம்பளம் ரூ.22,000. கணவர் சிறிய தையற்கடை வைத்திருக்கிறார். அந்த வருமானம் கடை வாடகைக்கும் வீட்டு மளிகைக்கும் சரியாகப் போய்விடும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஷிப்டுகளில் ஒன்றை நிறுத்தினார்கள். பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனைவரையும் அனுப்பிவிட்டார்கள். அடுத்து நிரந்தரப் பணியாளர்களில் ஒரு பகுதியினரைத் தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இந்த நேரம் பார்த்து ரத்தப் பரிசோதனையில் எனக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு) 2.1 என்று வந்திருக்கிறது. டயாலிசிஸ் அளவுக்குப் போகவில்லை என்றும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு இடைவிடாமல் மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டும் என்றும் சிறுநீரக மருத்துவர் சொல்கிறார்.

கடன் விவரம்: சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே எடுத்த தனிநபர் கடனில் ரூ.3,20,000 பாக்கி; வட்டி 16 சதவீதம், மாதத் தவணை ரூ.11,250, இன்னும் மூன்று ஆண்டுகள் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டில் ரூ.1,40,000 நிற்கிறது, மாதம் மூன்றரை சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகையாக ரூ.7,000 கட்டி வருகிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய ரூ.50,000க்கு மூன்று வட்டி, அதாவது மாதம் ரூ.1,500. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் ரூ.80,000. ஆக மொத்தம் ரூ.5,90,000.

கையில் ரூ.1,10,000 சேமிப்பு உண்டு. வருங்கால வைப்பு நிதியில் ரூ.4,60,000 இருக்கிறது. வீட்டில் அடகு வைக்காத நகை ஐந்து பவுன் உள்ளது. வேலையில் இருக்கும்போதே பி.எஃப். பணத்தில் எடுக்க முடிந்ததை எடுத்து, சேமிப்பையும் சேர்த்து, எல்லாக் கடனையும் முடித்துவிட்டால் வேலை போனாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கணவர் வேண்டாம் என்கிறார். எது சரி?

ஆற்றுமணல்:

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சம்பளம் நிற்கப் போகிறது என்ற நிலையில், கடன் எவ்வளவு என்பதைவிடக் கைக்காசு எத்தனை மாதம் தாங்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இன்று மூன்று லட்சத்தைக் கொடுத்துத் தனிநபர் கடனை முடித்துவிட்டு, நான்கு மாதம் கழித்து மருத்துவச் செலவுக்கு ஒரு லட்சம் வேண்டும் என்று அதே வங்கிக்குப் போனால், வேலையில்லாத உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பகுதித் தொகை கட்டுவதிலும் பயனில்லை. பெரும்பாலும் கடன் காலம்தான் குறையும், மாதத் தவணை அப்படியேதான் இருக்கும். நிலையான வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணமும் கேட்கக்கூடும்.

பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இருக்கும் வரை அந்தப் பணத்தை எந்த நீதிமன்ற ஆணையாலும் உங்கள் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) அதே பாதுகாப்பு உண்டு. சட்டம் வேலி போட்டுக் காக்கும் பணத்தை நீங்களே வெளியே எடுத்து, பிணையே இல்லாத ஒரு கடனுக்குக் கொடுப்பது நியாயமில்லை. உங்கள் சிகிச்சைக்கு என்று அவசியம் வந்தால் அதிலிருந்து முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. அதுவரை அங்கேயே கிடக்கட்டும்.

கிரெடிட் கார்டை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ரூ.1,40,000க்கு மூன்றரை சதவீதம் என்றால் மாத வட்டி ரூ.4,900, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.882. நீங்கள் கட்டும் ரூ.7,000இல் அசலுக்குப் போவது சுமார் ரூ.1,200 மட்டுமே. நிலுவை இருக்கும்போது அதே கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், முதல் வேலையாகக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அடுத்து, வீட்டிலுள்ள நகையில் ஏறத்தாழ மூன்று பவுனை அரசு வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைத்து, கார்டையும் அந்த மூன்று வட்டிக் கடனையும் சேர்த்து முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் இப்போது வட்டியும் வரியுமாக மாதம் ரூ.7,200க்கு மேல் போகிறது. பத்து சதவீத நகைக்கடனில் அதே ரூ.1,90,000க்கு மாத வட்டி ரூ.1,600தான் வரும், அதையும் கடைசியில் சேர்த்துக் கட்டும் வகைக் கடனாகவே வாங்கலாம். மாதாமாதம் ரூ.8,500 கையில் மிஞ்சும். அதைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சம்பளக் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருப்பதால், தவணை தவறினால் கணக்கில் இருக்கும் பணத்தை வங்கி ஈடுகட்டிக்கொள்ளும். உங்கள் சேமிப்பை வேறு வங்கிக் கணக்கில் வைத்துக்கொண்டு, தவணைக்கு வேண்டியதை மட்டும் அந்தந்த மாதம் இங்கே போடுங்கள்.

வாசற்படி:

மேலே சொன்னதில் நகை விஷயத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. வருமானம் வரும் என்ற நம்பிக்கை உள்ளவர்தான் அடகு வைக்க வேண்டும். வருமானமே நிற்கும் என்று தெரிந்த பிறகு அடகு வைத்தால், ஓராண்டு வட்டி ஏறி, திருப்ப முடியாமல் மறுஅடகு வைத்து, கடைசியில் ஏல நோட்டீஸ் வந்து நிற்கும். விற்றால் என்ன? மூன்று பவுனை விற்றுக் கார்டையும் மூன்று வட்டிக் கடனையும் முடித்தால் வட்டி என்ற பேச்சே இல்லை. நம் வீடுகளில் நகையை விற்பது குடும்பமே நொடித்துப்போனதற்கு அடையாளம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்தக் கௌரவத்துக்காகத்தான் பலர் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நகையைத் தொட மனமில்லை என்றால், கார்டு நிலுவையை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேளுங்கள். வட்டி பாதிக்கும் கீழே இறங்கும். வேலையில் இருக்கும்போது கேட்டால்தான் எளிதில் கிடைக்கும்.

மூன்று வட்டிக் கடனை முடிக்கும்போது புரோநோட்டைக் கையோடு திருப்பி வாங்கிக் கிழித்துப் போடுங்கள். பகுதியாகக் கொடுத்தால், நோட்டின் பின்புறம் தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நெருங்கிய மனிதர் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.

தறிச்சத்தம்:

எல்லோரும் கடனையே பேசுகிறீர்கள். சகோதரியின் கேள்வியில் ‘தாங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டு’ என்ற சொற்கள்தான் என் கண்ணில் உறுத்துகின்றன. தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்வதும் நீங்கள் ராஜினாமா செய்வதும் சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறானவை.

ஆட்குறைப்பு என்றால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஏறத்தாழ அரை மாதச் சம்பளத்தைப் பதினொன்றால் பெருக்கிப் பாருங்கள். சிறிய தொகை அல்ல. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டால் இது அடியோடு போய்விடும். கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்ற பொது விதியும் பதினோரு ஆண்டுப் பணிக்காலம் உள்ள உங்களுக்குச் சாதகமானது.

பணிக்கொடை வேறு கணக்கு. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் ராஜினாமா செய்தாலும் ஆட்குறைப்பில் போனாலும் அது உங்களுக்குச் சேர வேண்டும்: அடிப்படைச் சம்பளம் ரூ.22,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 11ஆலும் பெருக்கினால் ரூ.1,39,600 அளவில் வருகிறது. ‘எழுதிக் கொடுத்தால்தான் பணிக்கொடை’ என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி ‘தொழிலாளி’க்குத்தான் என்பதால், நீங்கள் தொழிலாளியா என்ற கேள்வியை நிர்வாகம் எழுப்பலாம். பதவிப் பெயரை வைத்து அதை முடிவு செய்வதில்லை. அன்றாடம் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. பலகையில் பாகங்களை வைத்து நீங்களே சோதித்துக் கையெழுத்திடுகிறீர்களா, பிறருக்கு விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதைக் காட்டும் தாள்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். தானாக விலகுவோருக்கு என்று ஏதேனும் தொகை அறிவித்தால், அது மேலே சொன்ன இழப்பீடு, பணிக்கொடை இரண்டின் கூட்டுத் தொகையைவிடக் கணிசமாக அதிகம் என்றால் மட்டுமே யோசியுங்கள். அப்போதும் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்க அவகாசம் கேளுங்கள். ‘உடல்நிலை காரணமாக விலகுகிறேன்’ என்று எந்தத் தாளிலும் எழுத வேண்டாம்.

நெய்தல்:

என் அண்ணனுக்கு இதே சிறுநீரகத் தொல்லை இருப்பதால், மருத்துவக் காப்பீடு பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் கம்பெனியின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். நோய் தெரிந்த பிறகு புதிதாகத் தனிநபர் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர்க் காப்பீட்டிற்கு மாறினால், இதுவரை கழிந்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். மருத்துவப் பரிசீலனை உண்டு, பிரீமியமும் கூடும்; ஆனாலும் பணியில் இருக்கும்போதே மனிதவளப் பிரிவில் பாலிசி எண்ணைக் கேட்டு வாங்கி விண்ணப்பியுங்கள். இனி செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள், ஸ்கேன்கள் எவையெல்லாம் இப்போதைய காப்பீட்டில் அடங்குமோ அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை போய், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குக் கீழே இறங்கினால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, டயாலிசிஸ் உட்பட. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். மாத்திரைகளுக்கு இப்போதிருந்தே அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட்டுவிடுங்கள். காசு தீர்ந்த மாதத்தில்தான் ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் வேலை ஆரம்பிக்கும். சிறுநீரகத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

செம்பருத்தி:

எல்லோருக்கும் நன்றி. பி.எஃப். பணத்தை எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மூன்று பவுனை விற்பதா அடகு வைப்பதா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. என் மாமியார் விற்கச் சொல்கிறார் என்பதுதான் ஆச்சரியம். தனிநபர் கடனின் ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தபோது, கடன் தொகையிலிருந்து ‘கடன் பாதுகாப்புக் காப்பீடு’ என்று ரூ.9,400 பிடித்திருப்பது தெரிந்தது. அது எனக்குப் பயன்படுமா? வேலை போன பிறகு தவணை தவறினால் என்ன செய்வார்கள்?

ஆற்றுமணல்:

அந்தக் காப்பீட்டின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் மரணத்துக்கு மட்டும் காப்பு இருக்கும். சிலவற்றில் தீவிர நோய்க்கும், வேலை இழந்தால் இரண்டு மூன்று தவணைகளுக்கும் காப்பு இருக்கும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவை சிகிச்சை என்ற கட்டத்தைத்தான் பொதுவாகத் தீவிர நோய் என்று ஏற்பார்கள்; இன்றைய நிலைக்குக் கிடைக்காது. வேலையிழப்புக் காப்பில், தானாக ராஜினாமா செய்தவருக்குப் பணம் தருவதில்லை. தறிச்சத்தம் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பணிநீக்கக் கடிதத்தையும் மருத்துவ அறிக்கையையும் இணையுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு பேசுவது கடினம். தானியங்கிப் பிடித்தம் பணமில்லாமல் திரும்பினால், காசோலை திரும்பியது போலவே வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமுண்டு. ஆகையால் வங்கி அனுப்பும் எந்த நோட்டீஸையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். தாமதத்துக்கான அபராதத்தை அசலில் சேர்த்து அதன்மேல் வட்டி போட ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உங்கள் கணவரின் கடைக்கு வந்து சத்தம் போடவும் உரிமையில்லை. அப்படி நடந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தக்க பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

‘பாதி கொடுங்கள், செட்டில் செய்துவிடலாம்’ என்று அவர்களே தொலைபேசியில் ஆசை காட்டுவார்கள். அப்படி முடித்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வராமல் ‘சமரசம்’ என்று பல ஆண்டுகள் நிற்கும். வேறு வழியே இல்லாதபோது அதுவும் ஒரு வழிதான். ஆனால் வங்கியின் கடிதத் தலைப்பில் தொகையும் தேதியும் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.