ரெண்டு ஓரமும் மில்லிமீட்டர் இருக்கிற டேப் கிடைக்குமா?

மரத்தூள்:
மதுரை. மொட்டை மாடியில ஞாயிற்றுக்கிழமை தச்சு வேலை. கடையில எந்த டேப்பை எடுத்தாலும் ஒரு ஓரம் இன்ச்தான், பலகைமேல படியுறதும் அந்த ஓரமே. போன வாரம் எட்டிப் பார்த்து வாசிச்சு, 421ஐ 412ன்னு குறிச்சு அறுத்துட்டேன். நல்ல தேக்குத் துண்டு. வீட்ல இன்னும் சொல்லல.

உளிச்சத்தம்:
ஆன்லைன்ல ‘மெட்ரிக் மட்டும்’னு தேடுங்க தம்பி. படத்தைப் பெருசாக்கி ரெண்டு ஓரத்தையும் பார்த்துட்டு வாங்குங்க. மேசை, அலமாரிக்கு 3 மீட்டர் போதும். டேப்போட தகட்டுல துல்லிய வகுப்பைக் காட்டுற ரோமன் எண் இருக்கும்: இரண்டாம் வகுப்புன்னா 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிழை இருக்கலாம், முதல் வகுப்புன்னா 0.6. ஒரு வேலை முடியுறவரை ஒரே டேப்தான், மாத்தாதீங்க.

மரத்தூள்:
நன்றிண்ணே. இப்ப இருக்கிறதுல முனைக் கொக்கி ஆடுது. சுத்தியால தட்டி இறுக்கிட்டேன்.

உளிச்சத்தம்:
அய்யோ! கொக்கியோட தடிமன் அளவுக்கு அது ஆடத்தான் செய்யணும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டவச்சாலும் பூஜ்யம் சரியா வர்றது அதனாலதான்.

மரத்தூள்:
அப்ப புதுசுதான்.