போர் தண்ணியில வேட்டி மஞ்சளாகுது: சோப்பு இல்லாத காலத்துல எப்படி வெளுத்தாங்க?

வேலந்தாவளத்தான்:
ஓணத்துக்கு எடுத்த வேட்டி அதுக்குள்ள பழுப்பேறிப் போச்சுங்க. வீட்ல போர் தண்ணிதான். பிளீச்சிங் போட்டா இன்னும் மோசம். "சோப்பே இல்லாத காலத்துல கொக்காட்டம் வெளுத்துத் தந்தாங்க"ன்னு அப்பத்தா தினமும் பாடுது. நெசமாவா? எதைப் போட்டு வெளுத்தாங்க?

திருச்சூர் வண்டி:
சொட்டு நீலம் போடுங்க. உஜாலா 1983ல ஆரம்பிச்சதே எங்க பக்கம்தான். பழைய நீலப் பொடி மாதிரி திட்டுத்திட்டாப் பிடிக்காது.

சால்பானை:
நீலம் மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர அழுக்கை எடுக்காதுங்க. எங்க அப்பாரு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர்த்துணி வெளுத்தவர், அந்த உரிமையில சொல்றேன்.

மருந்து உவர்மண்ணுதான். வெயில் காலத்துல தரையில வெள்ளையாப் பூக்கும், சுரண்டிச் சேர்த்து வெச்சுக்குவாங்க. அதுல வேலை செய்யறது சலவைச் சோடா. மண்ணைக் கரைச்சுத் தெளிய வெச்சு, அந்தத் தண்ணியில துணிய முக்கிப் பிழிஞ்சு, கொதிக்கற பானையச் சுத்திக் கூம்பா அடுக்கி மூடிருவாங்க. ராத்திரி முழுக்க ஆவி துணிக்குள்ள ஏறும். துணியில இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு அந்தக் காரத்தோட சேர்ந்து தானே சோப்பாயிரும். அதுதான் வெள்ளாவி. விடிஞ்சதும் ஆத்துல அடிச்சு அலசி வெயில்ல விரிப்பாங்க. கல்லுல அடிக்கறது கடைசி வேலைங்க, சினிமாவுல அதை மட்டும்தான் காட்டுவாங்க.

யார் வீட்டுத் துணின்னு தெரிய, ஓரத்துல சேராங்கொட்டைச் சாறுல குறி போடுவாங்க. ஒரு வீட்டுக்கு மூணு புள்ளி, இன்னொரு வீட்டுக்குப் புள்ளியும் கோடும். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அழியாது. கூலி அறுவடைக்கு நெல்லு. கோயில் நோம்பிக்கு மாத்து (வெளுத்த துணி) விரிக்க அப்பாரு வேணும், திண்ணையில மட்டும் உக்காரக் கூடாது.

தமிழ் வாத்தியார்:
புறநானூறு 311ல இதே சங்கதி இருக்கு. களர் நிலத்துல தோண்டின கிணத்துல ஒரு பெண் தினமும் வெளுத்த தூய வெள்ளைத் துணி. குறுந்தொகை 330ல துணிக்குப் பசை போடறதும் வருது. ரோமாபுரியில புளிக்க வெச்ச மூத்திரத்துல போட்டு மிதிச்சாங்க. அழுக்கை எடுத்தது அதுல இருந்த அமோனியா.

வேலந்தாவளத்தான்:
அய்யோ, நம்ம மண்ணே தேவலை! சரி, என் வேட்டிக்கு வழி சொல்லுங்க.

சால்பானை:
போர் தண்ணியில சோப்பு திரிஞ்சு துணியில படியும், அதுல வெள்ளை மங்கும். சோப்பை விட்டுட்டுத் துணி துவைக்கற பவுடருக்கு மாறுங்க. பழுப்பு இரும்பால வந்ததா இருந்தா, பிளீச்சிங் அந்தக் கறைய இன்னும் இறுக்கிரும், அதையும் நிறுத்துங்க. மொதல்ல எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கலந்த சுடுதண்ணியில ஊற வெச்சு நல்லா அலசுங்க. அப்புறம் ஒரு பக்கெட் சுடுதண்ணியில ரெண்டு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு ராத்திரி ஊற விடுங்க. வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான் இது. ஓணத்து வேட்டின்னா கசவுச் சரிகை இருக்குமே, அந்தக் கரைய பக்கெட்டுக்கு வெளிய தொங்க விட்ருங்க.