செவ்வாய்க்கிழமை ஸ்பகெட்டி: எண்ணெய் எல்லாம் தட்டடியில் நின்றுவிட்டது, எங்கே தப்பு?

பீளமேட்டு மருமகள்:

எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சமையல் என் பொறுப்பு. மற்ற நாட்களில் அத்தை பார்த்துக்கொள்வார். ஆபீசிலிருந்து வந்து பையை இறக்கும்போதே ஏழரை. எட்டேகாலுக்குள் தட்டு வைக்காவிட்டால் சின்னவன் சோபாவிலேயே தூங்கிவிடுவான். இந்த முக்கால் மணி நேரத்துக்குத் தோசை, அடுத்த வாரம் தோசை, அதற்கடுத்த வாரமும் தோசை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தச் செவ்வாய் ஒரு மாற்றத்துக்கு ஸ்பகெட்டி. பெயர் அலியோ எ ஒலியோ. பூண்டும் எண்ணெயும் என்றுதான் அர்த்தமாம். அதோடு வரமிளகாய், முடிந்தது சாமான். வெங்காயம்கூட நறுக்க வேண்டாம் என்றதும் விழுந்துவிட்டேன்.

400 கிராம் ஸ்பகெட்டி, ஐந்து பேருக்கு. பெரிய குண்டாவில் தண்ணீர் கொதித்ததும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். பாக்கெட்டில் 9 நிமிடம் என்று இருந்தது. விறைப்பாக இருந்தால் அத்தைக்குப் பல்லில் சிக்குமே என்று 12 நிமிடம் விட்டேன். வடிகட்டி, நூடுல்ஸுக்குச் செய்கிற மாதிரி குழாயடியில் நன்றாக அலசினேன். பக்கத்து அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் 12 பல் பூண்டைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அக்கா மோட்டார் போடச் சொல்லி மணி அடித்தார். போய்ப் போட்டுவிட்டு வருவதற்குள் பூண்டு கறுத்துப்போச்சு.

தட்டில் வைத்தால் ஸ்பகெட்டி ஒரு கட்டி, எண்ணெய் அடியில் ஒரு குளம்.

அத்தை ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஏங்கண்ணு, சந்தகைக்குப் பூண்டா தாளிச்சே?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். எங்கள் பக்கம் சந்தகை (இடியாப்பம் மாதிரி பிழிகிற சேவை) என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தது. பூண்டுக்கு அங்கே வேலையே கிடையாது. இரண்டாவது வாய் அவர் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் தட்டைக் காலி பண்ணிவிட்டு "நல்லாருக்கு" என்றார். கால் மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிடுகிறார். பெரியவள் மட்டும், ஃபோர்க்கில் சுற்றி எடுக்க வந்துவிட்ட பெருமையில், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சின்னவன் கறுத்த பூண்டைப் பொறுக்கித் தட்டு விளிம்பில் எறும்பு வரிசை கட்டினான்.

எண்ணெய் ஏன் ஒட்டவில்லை? அத்தையும் சாப்பிடுகிற மாதிரி இதைத் தேற்ற முடியுமா? சீஸ், கிரீம் எல்லாம் சொல்லாதீர்கள், அவருக்கு ஆகாது.

டூரின் குளிர்:

அலசினீர்கள் பாருங்கள், அங்கேதான் போச்சு. நான் இத்தாலிக்கு வந்த புதிதில் இதையே செய்தேன். வீட்டு ஓனர் பாட்டி பக்கத்தில் நின்றிருந்தார். நான் குழாயைத் திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டி மூடிவிட்டார்.

ஸ்பகெட்டி வெந்த தண்ணீரைக் கஞ்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது, நடுவில் கஞ்சியின் மாவுச்சத்து இருந்தால்தான் இரண்டும் கலந்து கொழகொழவென்று ஸ்பகெட்டியைப் பிடிக்கும். வடிப்பதற்கு முன்னால் ஒரு பெரிய டம்ளர் கஞ்சியை எடுத்து வையுங்கள். 9 நிமிடம் என்று போட்டிருந்தால் 7 நிமிடத்திலேயே வடித்துவிடுங்கள். அப்படியே பூண்டு எண்ணெயில் போட்டு, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பெரிய தீயில் இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். மீதி வேக்காடு வாணலியிலேயே ஆகிவிடும்.

வேகிற தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள். மேலே மிதக்கும், வடிக்கும்போது ஸ்பகெட்டி மேல் படிந்து வழுக்கும், அவ்வளவுதான். உப்பு சிட்டிகைக் கணக்கு இல்லை. இங்கே 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பார்கள். உங்கள் 400 கிராமுக்கு 3 லிட்டர் போதும், தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும். பூண்டை எண்ணெய் காயும் முன்பே போட்டு, சின்னத் தீயில் வையுங்கள். பொன்னிறம் வர ஆரம்பித்ததும் ஒரு கரண்டி கஞ்சியை ஊற்றிவிட்டால் அதற்கு மேல் கருகாது. மோட்டாரும் போட்டுவிட்டு வரலாம்.

குக்கர் கட்சி:

வேலை நாளில் இவ்வளவு எதற்கு? பென்னே (குட்டைக் குழாய் மாதிரி பாஸ்தா) வாங்குங்கள். குக்கரில் வெங்காயம் தக்காளி வதக்கி, பாஸ்தா மூழ்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர், ஒரு விசில். ஆவி அடங்கினதும் திறந்தால் சாறோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி விசில் வழியாக அடுப்பெல்லாம் கொட்டும். எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் கறை இருக்கிறது.

டூரின் குளிர்:

@குக்கர் கட்சி ஆவி தானாக அடங்குகிறவரை உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும், குழைந்துவிடாதா? இதை ஓனர் பாட்டியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

குக்கர் கட்சி:

குழையும். என் மாமனாருக்கு அப்படித்தான் பிடிக்கும்.

தோசைத்திருப்பி:

அக்கா, உங்கள் அத்தை பதிலைச் சொல்லியே விட்டாரே. சந்தகைக்கு என்ன உண்டோ அதைக் கொடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள், கொத்தமல்லித்தழை தூவுங்கள். இத்தாலிக்காரர்கள் இதில் பார்ஸ்லி போடுவார்கள், நமக்குத் தழைதான். ஆலிவ் எண்ணெயோடு ஒரு ஸ்பூன் செக்குக் கடலை எண்ணெய் கலந்தால் வாசனை வீட்டு வாசனையாகிவிடும். டூரின்காரர் கண்ணை மூடிக்கொள்ளவும்.

பீளமேட்டு மருமகள்:

வெள்ளிக்கிழமை மறுபடி செய்தேன். தராசில் 30 கிராம் உப்பை நிறுத்ததைப் பார்த்து அத்தை, "ஊறுகாயா போடறே கண்ணு?" என்றார். கொஞ்சம் உப்பு கையிலேயே நின்றது, பயம். 20 கிராம்தான் போட்டேன். அதுவே சரியாக இருந்தது, பெரும்பாலும் வடித்த தண்ணீரோடு போய்விடுகிறது.

கஞ்சி ஊற்றியதும் முதலில் சளசளவென்று தண்ணீராகத்தான் தெரிந்தது. கெட்டது போ என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கிளறினதும் எண்ணெய் காணாமல் போய், ஒவ்வொரு இழை மேலும் பளபளவென்று பால் மாதிரி ஒரு பூச்சு. வாணலியைச் சாய்த்துப் பார்த்தேன், அடியில் ஒரு சொட்டு ஒதுங்கவில்லை.

சின்னவன் பூண்டைப் பொறுக்கவில்லை. மெல்லிசாகச் சீவியிருந்ததால் அவனுக்கு அகப்படவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்காரர் தயிர்சாதம் பக்கம் போகவில்லை. (ஃபிரிட்ஜில் தயிர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) அத்தைக்கு எலுமிச்சை பிழிந்து தனியாக எடுத்து வைத்தேன். ஃபோர்க்கைத் தள்ளிவிட்டுக் கையால் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். "பூண்டைக் கொறச்சுட்டு, கருவேப்பிலை ரெண்டு கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார். அடுத்த செவ்வாய் போடுகிறேன்.

ஒரு கிண்ணம் மிஞ்சியிருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் முட்டை அடித்து ஊற்றிப் பார்க்கலாமா, இல்லை கெட்டுவிடுமா?

டூரின் குளிர்:

தாராளமாக. நேப்பிள்ஸ் பக்கம் மிஞ்சின பாஸ்தாவில் முட்டை ஊற்றி அடை மாதிரி வார்ப்பார்கள், ஃப்ரித்தாத்தா என்று பெயர். சின்னத் தீ, மூடி போட்டு. திருப்பும்போது மட்டும் தட்டைக் கவிழ்த்துத் திருப்புங்கள். தோசைத்திருப்பியால் ஆகாது, பெயர் வைத்திருப்பவர் மன்னிக்கவும்.