மரணப்படுக்கையில் வாயால் சொன்ன உயில் செல்லுமா? (இங்கிலாந்து, 16-17ஆம் நூற்றாண்டு)

கேள்வி: கடைசிக் காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கோ வேலைக்காரிக்கோ, சாகும் தறுவாயில் ஒருவர் வாயாலேயே சொத்தை எழுதிவைக்க முடிந்ததா? யார் நம்புவார்கள்?

பதில் 1: முடிந்தது. படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் கேட்டதைப் பிறகு எழுதிக்கொண்டுபோய்த் திருச்சபை நீதிமன்றத்தில் சாட்சி சொல்வார்கள். ஆனால் 1540 சட்டப்படி நிலத்தை உயிலில் கொடுக்க எழுத்து வேண்டும், அதனால் வாய்மொழியில் பணம், துணிமணி, பாத்திரம், ஆடுமாடு மாதிரியானவைதான். நோயில் பட்ட சிரமத்துக்காக என்றே காரணம் சொல்லிக் கொடுத்த உயில்கள் நிறைய இருக்கின்றன. கூலியில்லாமல் இரவெல்லாம் கண்விழித்த பெண்களின் உழைப்பு பதிவாகியிருக்கும் அபூர்வமான இடம் அது, எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

பதில் 2: ஏமாற்றும் நடந்தது. கோல் என்ற முதியவர் 3,000 பவுண்டைத் தர்மத்துக்கு எழுதிவைத்திருந்தார். அவர் இறந்ததும் இளம் மனைவி, எல்லாம் தனக்கே என்று கணவர் வாயால் சொன்னதாகச் சொல்லி 9 சாட்சிகளைக் கொண்டுவந்தார், பெரும்பாலோர் பொய்ச்சாட்சி என்று விசாரணையில் தெரிந்துபோனது. இது 1676இல். அடுத்த வருடமே சட்டம் இறுகியது: 30 பவுண்டுக்கு மேல் என்றால் 3 சாட்சிகள், கடைசி நோயில் சொன்னதாக இருக்க வேண்டும், 6 நாளுக்குள் எழுதாவிட்டால் 6 மாதத்துக்குப் பின் சாட்சியம் எடுபடாது.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் தனியாக இருந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு 3 சாட்சிகள் எங்கே கிடைத்திருக்கும்?

பதில் 1: அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். நோயாளி வீட்டுக்கு அவர்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள்.